எஃகின் உள்ளே இருந்தது என்ன?

இரும்பு என்னும் ஒரு சொல்லால் நாம் பல பொருள்களைக் குறிக்கின்றோம். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு உடைகிறது; தேனிரும்பு வளைகிறது; எஃகோ வளைந்து நிமிர்வதோடு கூர்மையையும் காக்கிறது. மூன்றிற்கும் தாய்ப்பொருள் ஒன்றே. அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

உள்ளே கலந்திருக்கும் கரியிலிருந்து வந்தது. தேனிரும்பில் கரி இல்லையென்றே சொல்லலாம். வார்ப்பிரும்பில் அது நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை இருக்கும். எஃகு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இதனை இன்று பள்ளி மாணவனும் அறிவான். ஆனால் கரியை ஒரு தனிமம் என்று எவரும் பெயரிட்டு வகுக்காத காலத்திலேயே, தென்னாட்டுக் கொல்லர்கள் அதனை அளவறிந்து இரும்புக்கு ஊட்டினார்கள். அவர்கள் செய்தது இன்னதென்று உலகம் விளங்கிக்கொள்ள ஏறக்குறைய 200 ஆண்டுகள் பிடித்தன. அவ்வரலாறு நம் ஆசிரியர்கள் அறிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

மண்ணுக்குள் கிடந்த சான்று

தமிழகத்தில் இரும்பின் பழமைக்குப் புதைகுழிகளே முதற் சான்று. 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தபோது வாள், வேல் முதலிய இரும்புப் பொருள்கள் மிகுதியாகக் கிடைத்தன. 1985 முதல் நொய்யற்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்களே வெளிப்பட்டன. 2025 சனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் கிடைத்த சான்றுகளின் காலம் கி.மு. 3345 வரை பின்செல்வதாகக் கூறிற்று. இக்கணிப்பைப் பற்றி அறிஞரிடையே வாதம் தொடர்கிறது. எனினும் தென்னாட்டு இரும்புத் தொழில் மிகப் பழையது என்பதில் ஐயமில்லை.

மூசையும் ஆவாரையும்

எஃகு செய்யும் முறை எப்படிப்பட்டது? 19ஆம் நூற்றாண்டில் நேரிற் கண்டவர்கள் எழுதிவைத்த குறிப்புகளால் அதனை அறிகின்றோம். முதலில் காந்தக்கனியைக் கரியோடு உலையிலிட்டு, துருத்தி ஊதி, தேனிரும்பு எடுத்தார்கள். அதைச் சிறு துண்டுகளாக வெட்டிக் களிமண் மூசையில் இட்டார்கள். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சீவி அதனோடு சேர்த்தார்கள். மேலே ஓரிரண்டு எருக்கிலைகளை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்தார்கள். இவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் ஊதினார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி உறைந்திருக்கும்.

கட்டையும் இலையும் ஏன்? அவை வெந்து கரியாகி, அக்கரி இரும்பிலே கரைகிறது. கரி ஏற ஏற, இரும்பு உருகுதற்கு வேண்டிய வெப்பம் குறைகிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஏறினால் ஏறத்தாழ 100 பாகை குறைந்துவிடும். ஆகவே தோல் துருத்தியின் காற்றுக்கே அது உருகிற்று. மூசைக்கான களிமண்ணில் உமியைக் கலந்ததும் வீணன்று. கருகிய உமியின் கரியும் மணற்சத்தும் அக்கடுந்தீயில் மூசைக்கு உறுதி தந்தன. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் கிடைத்த மூசை ஓடுகளை ஆராய்ந்து, அங்கே கரி மிகுந்த எஃகு செய்யப்பட்டதென்று சாரதா சீனிவாசன் 1990களில் நிறுவினார்.

இலண்டனுக்குச் சென்ற கட்டிகள்

தமிழில் உருக்கு என்றும், கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு என்றும் வழங்கிய இப்பொருள், ஐரோப்பியர் நாவில் ‘வூட்சு’ ஆயிற்று. 1794இல் பம்பாயிலிருந்து சில கட்டிகள் இலண்டன் அரசக் கழகத்திற்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டே சார்ச்சு பியர்சன் என்பார் அவற்றைப் பற்றிய ஆய்வுரையை அங்கே படித்தார்.

பின்னர் இதனைக் கையிலெடுத்தவர் மைக்கேல் பாரடே. மின்னியலில் பெரும்புகழ் பெற்ற அவர் ஒரு கொல்லரின் மகன். 1819இல் வூட்சைப் பகுத்து ஆராய்ந்து, அதிலுள்ள அலுமினிய, மணற்சத்துப் பொருள்களே அதன் சிறப்புக்குக் காரணம் என்று கருதினார். அம்முடிவு நிலைக்கவில்லை. ஆயினும் அதன் வழியே சென்று, எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் முதலியவற்றை உருக்கிக் கலந்து பார்த்தார். இன்று பெருந்துறையாய் விரிந்துள்ள கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு அது தொடக்கமாயிற்று. எஃகில் குரோமியம் போதிய அளவு கலந்தால் துருவேறாது என்பதை 1913இல் செஃபீல்டு நகரத்து ஆரி பிரியர்லி கண்டார். நம் வீட்டுச் சமையலறையில் இன்று மின்னும் பாத்திரங்கள் அவ்வழி வந்தவையே.

பரங்கிப்பேட்டையின் கதை

கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை ஊழியராயிருந்த சோசையா மார்சல் ஈத்து, சேலத்துக் கனியை நம்பி, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். உலைகளுக்கு மரக்கரியே உணவு. காடு சுருங்கச் சுருங்கக் கரி அருகிற்று, செலவு பெருகிற்று. கைமாறியும் அவ்வாலை தழைக்கவில்லை. 1860களில் அதன் கதை முடிந்தது.

ஆனால் ஈத்து வேறொன்றில் வென்றார். உருகும் எஃகில் சிறிது மாங்கனீசு சேர்த்தால், அதைக் கெடுக்கும் கந்தகம் முதலியவற்றின் தீமை அடங்கி, எஃகு நன்றாக அடிபடும் என்று கண்டு, 1839இல் இங்கிலாந்தில் உரிமை பதிந்தார். செஃபீல்டு எஃகின் விலை அதனால் வெகுவாக இறங்கிற்று. அவரோ உரிமை வழக்குகளிலேயே உழன்று, பயன் காணாமல் மறைந்தார். எழுதிப் பதிந்தவர் கதியே இதுவாயின், எழுதாத கொல்லரின் கதியைச் சொல்ல வேண்டுமோ? மலிவான சீமை இரும்பு இறங்க, அவர்களுடைய உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன.

துளியினும் துளி

இத்தென்னாட்டு எஃகால் அடிக்கப்பட்ட மேலை ஆசிய வாள்களில், நீரலை போன்ற கோலம் ஓடும். அதன் மறைபொருளை 1998இல் அமெரிக்க அறிஞர் வெரோவன், வாட்கொல்லர் பென்றே என்பாரோடு சேர்ந்து விளக்கினார். கனியில் இயற்கையாகவே கலந்துவந்த வனேடியம் போன்ற தனிமங்களே அக்கோலத்தை வரிசைப்படுத்துகின்றன. அதற்கு வேண்டிய வனேடியம் பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு! அத்தகைய கனி கிடைப்பது நின்றபோது, முறை மாறாமலே கோலம் மறைந்திருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து.

தில்லியிலுள்ள குப்தர் காலத்து இரும்புத் தூணும் இவ்வுண்மையையே உரைக்கின்றது. 6 டன்னுக்கு மேற்பட்ட அத்தூண் 1,600 ஆண்டுகளாக மழையில் நின்றும் அரிபடவில்லை. இரும்பாலையினர் குற்றமென்று தள்ளும் பாஸ்பரம் அதில் நூற்றுக்குக் கால் பங்கு அளவில் இருந்து, மேலே காப்புப்படலம் அமையத் துணைசெய்கிறது என்று கான்பூர்ப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் காட்டினார். ஒரு பொருள் குற்றமா குணமா என்பது அது சேரும் இடத்தையும் அளவையும் பொறுத்தது.

நாம் செய்யக்கூடியது

கொல்லன் வனேடியத்தை அறியான். ஆனால் எந்த மலைக்கனி நல்லது, எந்தக் கட்டை வேண்டும், எப்பொழுது ஊதலை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவன் அறிந்திருந்தான். அவ்வறிவு கையிலும் சொல்லிலும் வாழ்ந்தது, ஏட்டில் ஏறவில்லை. கை ஓய்ந்ததும் சொல்லும் உடன் போயிற்று. இன்று அதனை ஓட்டுச் சில்லிலும் கிட்டத்திலும் தேடுகின்றோம். இந்நாட்டிலும் அப்படியே. கெடாவின் சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வுகளில் உலைகளும் ஊதுகுழல்களும் கிட்டமும் வெளிப்பட்டன. அவற்றை இயக்கியவர்களின் பெயர் ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை.

துருத்தி, மூசை, கிட்டம், கொழு என்னும் சொற்களை அகராதியிற் கண்டு பொருள் எழுதவைப்பதோடு ஆசிரியர் பணி முடிந்துவிடாது. பட்டறையிலும் தோட்டத்திலும் உழைத்த முதியவர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். மாணவரை அவர்களிடம் அனுப்பி, கருவியின் பெயரையும், அதைக் கையாளும் முறையையும், அம்முறைக்கு அவர்கள் கூறும் காரணத்தையும் கேட்டு எழுதிவரச் செய்யலாம். அவற்றுள் எது ஆவாரங்கட்டை, எது வெறும் சாம்பல் என்று நாம் இன்று முடிவுகட்ட வேண்டியதில்லை. எழுதி வைத்தால் போதும்; பின்வருவோர் பகுத்தறிந்து கொள்வர்.