பீஃபுன்

பீஃபுன் என்பது ஜப்பானிய வீட்டுச் சமையலில் புழங்கும், நம் சேவையைப் போல மெல்லிய, உலர்ந்த அரிசி நூடுல்ஸ். ஹொக்கியன் என்னும் சீன மொழியின் 'பீஹுன்' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது. அரிசி, மாவு என்னும் பொருளுள்ள இரண்டு சீன எழுத்துகளால் அதை எழுதுவர். அதே எழுத்துகளைக் 'கொமேகோ' என்று படித்தால் வெறும் அரிசி மாவு.

சோற்றை இத்தனை போற்றும் நாட்டில் அரிசி நூடுல்ஸ் வெளியிலிருந்து வந்தது வியப்புக்குரியது. அங்குள்ள மற்ற நூடுல்ஸ்களில் உடோன், சோமென், ராமென் எல்லாம் கோதுமை; சோபா பக்வீட் என்னும் தானியம். காரணம் அரிசியிலேயே இருக்கிறது. ஜப்பானின் குட்டை அரிசியில் அமைலோஸ் என்னும் மாவுச்சத்து குறைவு. சோற்றை ஒட்டும் பதமாக்கும் அந்தக் குணமே பிழிந்த இழைகளைக் குழைத்துவிடும். அமைலோஸ் மிகுந்த நீள இண்டிகா அரிசியில்தான் இழை விறைப்பாக நிற்கும்.

தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. போர் முடிந்து அங்கிருந்து திரும்பியவர்கள் அங்கே பழகிய பீஃபுன் சுவைக்கு ஏங்கினர். தைவானில் பிறந்த ஒருவர் 1950இல் கோபே நகரில் தொடங்கிய கென்மின் நிறுவனம் பீஃபுன் தயாரித்தது. 1960இல் அது விற்பனைக்குக் கொண்டுவந்த 'யாகி பீஃபுன்' (வதக்கிய பீஃபுன்) சமையலையே எளிதாக்கியது. அதுவரை இழைகளை ஊறவைத்து, வடித்து, கட்டிதட்டாமல் வதக்க வேண்டியிருந்தது. இதில் இழையிலேயே சுவை ஏற்றப்பட்டிருந்தது. பன்றி இறைச்சியை வதக்கி, இழைகளை வைத்து, முட்டைக்கோஸ், கேரட், வெங்காயத்தை மேலே பரப்பித் தண்ணீர் ஊற்றி மூடினால் சில நிமிடங்களில் வெந்துவிடும். பிறகு மூடியைத் திறந்து நீர் வற்றக் கிளற வேண்டும். இந்தக் கடைசிக் கிளறலை அவசரப்படுத்தினால் பண்டம் சொதசொதத்துவிடும்.

உலர்ந்த இறாலும் ஷிடாகே காளானும் சேர்ந்தால் தைவான் மணம் மீள்கிறது. சூப்பிலும், வெள்ளரிக்காய், ஹாம் சேர்த்த சாலட்டிலும் இது இடம்பெறுகிறது. தோற்றத்தில் ஒத்திருக்கும் 'ஹருசமே' வேறு: அது பாசிப்பயறு, உருளைக்கிழங்கு போன்றவற்றின் மாவுச்சத்தில் செய்யப்படும் கண்ணாடி இழை.

அரிசியைப் புதிய வகைகளில் பயன்படுத்த ஊக்கமளிக்கும் சட்டம் ஜப்பானில் 2009இல் வந்தது. 'கோஷி நோ கஓரி' போன்ற, அமைலோஸ் மிகுந்த உள்நாட்டு நெல் வகைகளிலிருந்தும் இப்போது நூடுல்ஸ் செய்கிறார்கள். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் இவற்றை நாடுகிறார்கள். ஆனால் வழக்கமான ஜப்பானிய சோயா சாஸில் கோதுமை கலந்திருப்பதால், சுவையூட்டிய பொட்டலம் வாங்குபவர்கள் உட்பொருள் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.