நர்ஸிங் மாணவிகளும் ஒரு தெருமுனையும்

காமர்ஸ் மாணவனுக்கு நர்ஸிங் வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நாம் இருப்புநிலைக் குறிப்பில் நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாவற்றையும் சொத்து என்று எழுதுகிறோம். கூடப் படித்தவர்களுக்குள் இருக்கும் நட்பை எழுத அதில் இடமே இல்லை. ஆனால் ஒரு தொழில் அந்தச் சொத்தை நம்பித்தான் நின்றது.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் நர்ஸிங் பள்ளி தொடங்கியது. கிரிமியப் போரில் அவர் செய்த சேவைக்காக மக்கள் கொடுத்த நன்கொடை சுமார் 45,000 பவுண்டு. அதுதான் முதலீடு. முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 15 பேர். தங்குமிடம், சாப்பாடு, சீருடை இலவசம். கைச்செலவுக்கு வருஷத்துக்கு 10 பவுண்டு.

அப்போது நர்ஸ் வேலைக்கு நல்ல பெயர் கிடையாது. குடிகார நர்ஸை வைத்து டிக்கன்ஸ் நாவலிலேயே கிண்டல் செய்திருந்தார். ஒரு மாணவி பெயர் கெட்டாலும் பள்ளியே போய்விடும் என்ற பயம். அதனால் மேட்ரன் வார்ட்ரோப்பர் ஒவ்வொருவரின் வேலையையும் நடத்தையையும் மாதாமாதம் பதிவேட்டில் குறித்தார். நம்ம பேரேடு மாதிரிதான்! இன்னொரு விதியும் இருந்தது: யாரும் தனியாக வெளியே போகக் கூடாது, குறைந்தது இரண்டு பேராகத்தான் போக வேண்டும்.

இங்கேதான் சுவாரஸ்யம். ஜோடியாகக் கிளம்புவோம், தெருமுனை வந்ததும் பிரிந்து விடுவோம் என்று அந்த ஆரம்பகால மாணவி ஒருவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தோழியைக் காவலாளியாக்கத்தான் அந்த விதி. மாணவிகளோ காவலாளியைக் கூட்டாளியாக்கி விட்டார்கள்! ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் இது நடக்குமா?

அந்த நம்பிக்கை பிறகு பெரிய வேலைகளுக்குத் தேவைப்பட்டது. பள்ளி நர்ஸ்களைக் குழுவாகவே அனுப்பியது. 1865-ல் லிவர்பூல் ஏழைகள் விடுதி மருத்துவமனைக்கு ஆக்னஸ் ஜோன்ஸுடன் 12 பேர் போனார்கள். 1868-ல் லூசி ஆஸ்பர்னும் ஐந்து பேரும் சிட்னி போய்ச் சேர்ந்தார்கள்.

குழுவாக அனுப்பினால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது. சிட்னியில் ஆஸ்பர்னுக்கும் உடன் வந்த சிலருக்கும் ஒத்துப்போகவில்லை. தெரியாத ஊரில் அவருக்கு அது பெரிய தலைவலியானது. மேலிடம் குழு அமைக்கலாம், நட்பை அமைக்க முடியாது. அது விடுதியிலும் வார்டிலும் தானாக வளர வேண்டும். 1872 முதல் நைட்டிங்கேல் மாணவிகளுக்கு ஏறக்குறைய ஆண்டுதோறும் நீண்ட கடிதம் எழுதி, ஒருவருக்கு ஒருவர் துணையாக இருக்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்தியாவிலும் இதை உணர்ந்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சங்கத்தின் கீழ் 1929-ல் மாணவ நர்ஸ்களுக்குத் தனிச் சங்கம் உருவானது. மாணவர்களிடையே கூட்டுணர்வை வளர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

யோசித்துப் பாருங்கள். நமக்குத் தேர்வில் கணக்கு தப்பினால் மதிப்பெண்தான் போகும். நம் வயதுள்ள ஒரு நர்ஸிங் மாணவி, தான் கவனித்த நோயாளி இறந்த இரவிலும் மறுநாள் டியூட்டிக்குப் போக வேண்டும். அந்த இரவில் பக்கத்துக் கட்டில் தோழிதான் அவளைத் தாங்குகிறாள். அவளை எந்தப் பதிவேட்டில் வரவு வைப்பது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.