பிரீமியர் லீக் செலவு வரம்பு: விதி என்ன, ரசிகர்கள் இரு தரப்பாகப் பிரிவது ஏன்?

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்துத் தொடரின் 2023-24 சீசனில், பந்து உருளாத நாள்களிலும் புள்ளிப் பட்டியல் மாறிக்கொண்டிருந்தது. 12 ஆட்டங்களில் 14 புள்ளிகள் ஈட்டியிருந்த எவர்டன், 2023 நவம்பர் 17 அன்று வெளியான ஒரே அறிவிப்பால் 4 புள்ளிகளுடன் 19-ஆம் இடத்துக்கு இறங்கியது. பறிக்கப்பட்ட 10 புள்ளிகளில் 4 புள்ளிகள் பிப்ரவரியில் மேல்முறையீட்டின் மூலம் திரும்பக் கிடைத்தன. ஏப்ரலில் மற்றொரு வழக்கில் மேலும் 2 புள்ளிகள் போயின. இடையே மார்ச் மாதத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியும் 4 புள்ளிகளை இழந்தது. இரு அணிகளும் இறுதியில் தப்பிப் பிழைத்தன என்றாலும், தங்கள் அணி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அறிய ரசிகர்கள் தணிக்கை அறிக்கைகளைப் படிக்க வேண்டிய நிலை அந்த ஆண்டில் உருவானது.

இதற்குக் காரணம், கிளப்புகளே வாக்களித்து 2013-இல் ஏற்றுக்கொண்ட ‘லாபம் மற்றும் நிலைத்தன்மை’ விதிகள். சுருக்கமாக பி.எஸ்.ஆர். என அழைக்கப்படும் இவ்விதிகளின்படி, ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் மொத்தம் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம். அதிலும் 1.5 கோடிக்கு மேற்பட்ட நஷ்டத்தை உரிமையாளர் தமது முதலீட்டால் ஈடுசெய்தாக வேண்டும். மைதானக் கட்டுமானம், இளையோர் அகாதெமி, மகளிர் அணி, சமூகப் பணிகள் ஆகியவற்றுக்கான செலவு இக்கணக்கில் சேராது. இரண்டாம் பிரிவில் கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் வரம்பு 3.5 கோடியிலிருந்து 1.3 கோடியாகக் குறையும். 2022-இல் பிரீமியர் லீக்கிற்கு ஏறிய ஃபாரஸ்டுக்கு 6.1 கோடி பவுண்டு மட்டுமே அனுமதிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். அந்த அணி அதைவிட 3.45 கோடி அதிகமாக நஷ்டம் காட்டியது.

இந்திய ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த ஐ.பி.எல். வரம்பு வேறு வகையானது. 2025 சீசனுக்கான ஏலத்தில் பத்து அணிகளுக்கும் ஒரே அளவாக ரூ.120 கோடி நிர்ணயிக்கப்பட்டது. இங்கிலாந்தில் அத்தகைய சமநிலை நோக்கமாக இருந்ததே இல்லை. அங்கு கிளப்பின் வருவாயே அதன் செலவுத் திறனைத் தீர்மானிக்கிறது. 2023-24-இல் மான்செஸ்டர் சிட்டி ஈட்டிய வருவாய் 71.5 கோடி பவுண்டு. நியூகாசில் ஈட்டியது சுமார் 32 கோடி. நஷ்ட வரம்பு இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் அந்த வரம்பைத் தொடுவதற்கு முன்பே இரண்டாமவரைப் போல இரு மடங்கு செலவழித்திருக்க முடியும்.

<b>போர்ட்ஸ்மவுத் நினைவும் நியூகாசில் கனவும்</b>

வரம்பு வேண்டும் என்று வாதிடும் ரசிகர்கள் பொதுவாக முதலில் குறிப்பிடும் பெயர் போர்ட்ஸ்மவுத். 2008-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அந்த அணி, இரண்டே ஆண்டுகளில் கடனில் மூழ்கி, நீதிமன்ற நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்ட முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனது. 2013-இல் அது நான்காம் பிரிவுக்கு விழுந்தது. அதே ஆண்டு ரசிகர்களின் அறக்கட்டளை பணம் திரட்டி கிளப்பை மீட்டது. 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்ற லீட்ஸ், 2004-இல் கீழிறங்கி, மீண்டும் மேலேற 16 ஆண்டுகள் ஆயின. 1885-இல் தொடங்கிய பரி கிளப்புக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அது லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. உரிமையாளர் கைவிட்டுப் போகலாம், ஆனால் ஊரும் ரசிகரும் அங்கேயே இருப்பார்கள் என்பது இவர்களின் வாதம்.

நியூகாசில் ரசிகர்களின் பார்வை வேறு. 2021 அக்டோபரில் சவுதி அரேபியப் பொது முதலீட்டு நிதியம் அந்த கிளப்பை வாங்கியது. உரிமையாளரிடம் பணத்துக்குக் குறைவில்லை. கிளப்போ தடையின்றிச் செலவழிக்க முடியாது. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் ஆகியவை பல தசாப்தங்களில் திரட்டிய வருவாய் வளத்தை, விதி அப்படியே உறைய வைத்துவிட்டது என்பது அவர்களின் குறை. அந்தக் குறையில் நியாயம் உண்டு. எனினும் 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என வீழ்த்தி லீக் கோப்பையை வென்று, உள்நாட்டுக் கோப்பைக்கான 70 ஆண்டுக் காத்திருப்பை நியூகாசில் முடித்ததும் இதே விதிகளின் கீழ்தான். அதே ஆண்டு செப்டம்பரில் அதன் முன்கள வீரர் அலெக்சாண்டர் இசாக் 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூலுக்கே சென்றார்.

எவர்டன் விவகாரத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். விதிமீறல் நடந்ததை கிளப்பே ஒப்புக்கொண்டது. 2021-22 வரையிலான மூன்றாண்டு நஷ்டம் 12.45 கோடி பவுண்டு என ஆணையம் கணக்கிட்டது. எதிர்ப்பு, தண்டனையின் அளவு பற்றியது. குடிசன் பார்க் மைதானத்தில் அடுத்த ஆட்டத்தின்போது ஆயிரக்கணக்கானோர் இளஞ்சிவப்பு அட்டைகளை உயர்த்தி லீக் நிர்வாகத்தை ஊழல் என்று கண்டித்தனர். செலவழித்தவர் உரிமையாளர், தண்டனை அணிக்கும் ரசிகர்களுக்குமா என்பதே அவர்களின் கேள்வி. மறுபுறம், 2022-23-இல் எவர்டனைவிட 2 புள்ளிகள் குறைவாகப் பெற்றுக் கீழிறங்கிய லெஸ்டர் சிட்டியின் ஆதரவாளர்கள், வரம்பை மீறி அமைத்த அணியால்தானே அந்த 2 புள்ளிகள் கிடைத்தன எனத் திருப்பிக் கேட்டனர். வேடிக்கை என்னவெனில், அதே காலக் கணக்கில் லெஸ்டர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. கணக்கு ஆண்டு முடிந்த தேதியில் தாங்கள் பிரீமியர் லீக் உறுப்பினராகவே இல்லை என்று வாதிட்டு, 2024 செப்டம்பரில் அந்த கிளப் மேல்முறையீட்டில் வென்றது.

<b>சொந்த ஊர்ப் பையனே ‘முழு லாபம்’</b>

இவ்விதிகளின் மிகக் கசப்பான விளைவு, அவற்றை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திராத இடத்தில் வெளிப்பட்டது. ஒரு வீரரை 5 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்கேட்டில் ஆண்டுக்கு 1 கோடி செலவாகப் பதிவாகும். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரை 4 கோடிக்கு விற்றால், எஞ்சிய மதிப்பான 3 கோடி போக லாபம் 1 கோடி மட்டுமே. சிறு வயதிலிருந்து கிளப்பின் அகாதெமியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலை என ஒன்று இல்லை. அவரை 4 கோடிக்கு விற்றால் நான்கு கோடியும் லாபம். ஆகவே ஜூன் 30 அன்று கணக்கு முடிக்கும் நெருக்கடியில் உள்ள கிளப், ரசிகர்கள் தங்களில் ஒருவராகக் கருதும் வீரரையே முதலில் விற்பனைக்கு வைக்கிறது.

2024 ஜூன் இறுதியில் நியூகாசில் விற்ற இருவரில் ஒருவர் எலியட் ஆண்டர்சன். அருகிலுள்ள விட்லி பே ஊரில் பிறந்து கிளப்பின் அகாதெமியில் வளர்ந்தவர். ஃபாரஸ்டுக்குச் சென்ற அவர் அடுத்த ஆண்டே இங்கிலாந்து தேசிய அணியில் இடம்பெற்றார். செல்சி மேசன் மவுண்டையும் கானர் கேலகரையும், ஆஸ்டன் வில்லா ஜேக்கப் ராம்சேயையும் விற்றன. எல்லோருமே அகாதெமியில் வளர்ந்தவர்கள்.

ஃபாரஸ்ட் வழக்கின் மையமும் இத்தகைய ஒரு வீரரே. நாட்டிங்ஹாமில் பிறந்த பிரென்னன் ஜான்சனை ஜூன் 30-க்கு முன் விற்றிருந்தால் நஷ்டம் பெருமளவு குறைந்திருக்கும். கிளப் காத்திருந்தது, செப்டம்பர் 1 அன்று டோட்டன்ஹாமிடமிருந்து 4.75 கோடி பவுண்டு பெற்றது. நல்ல விலைக்காகக் காத்திருந்தது நிதி ஒழுங்குக்கு உகந்ததே என்ற வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. அவசரத்தில் குறைந்த விலைக்கு விற்பது எப்படி நிலைத்தன்மையாகும் என்று ஃபாரஸ்ட் ரசிகர்கள் கேட்டதற்கு, காலக்கெடு என்பது காலக்கெடுதான் என்பதைத் தாண்டிய விடை கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

வசதியுள்ள கிளப்புகளுக்கோ வேறு வழிகள் திறந்திருந்தன. செல்சி எட்டரை ஆண்டு ஒப்பந்தங்கள் மூலம் டிரான்ஸ்பர் கட்டணத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்டியது. பிரிக்கும் காலம் ஐந்து ஆண்டுகளுக்கு மிகக் கூடாது எனப் பின்னர் விதி வந்தது. மைதானத்தை ஒட்டிய இரு ஹோட்டல்களை 7.65 கோடி பவுண்டுக்கும், மகளிர் அணியை சுமார் 20 கோடிக்கும் தன் குழும நிறுவனங்களுக்கே அது விற்றது. பிரீமியர் லீக் இதை அனுமதித்தது. ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஃபா ஏற்க மறுத்து, 2025 ஜூலையில் அபராதம் விதித்தது. சிறிய கிளப்புகளின் ரசிகர்களிடம் பி.எஸ்.ஆர். மீதிருந்த மதிப்பைக் குலைத்ததில் இந்த ஹோட்டல் விற்பனைக்குப் பெரும் பங்கு உண்டு. மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் சுமத்தப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளின் விசாரணை 2024 டிசம்பரில் நிறைவடைந்தும், 2025 இறுதி வரை தீர்ப்பு வெளியாகாதது அதிருப்தியை மேலும் வளர்த்தது. சிட்டி அனைத்தையும் மறுத்து வருகிறது.

<b>2026-27 முதல் மாற்றம்</b>

2025 நவம்பர் 21 அன்று நடந்த வாக்கெடுப்பில் பி.எஸ்.ஆர். விதிகளைக் கைவிட கிளப்புகள் முடிவு செய்தன. 14 கிளப்புகள் ஆதரவும் 6 கிளப்புகள் எதிர்ப்பும் தெரிவித்த புதிய விதியின்படி, வீரர்கள் மற்றும் பயிற்சியாளரின் ஊதியம், டிரான்ஸ்பர் செலவு, முகவர் கட்டணம் ஆகியவை கால்பந்து வருவாயில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடுதல் செலவுக்குக் கட்டணமும், குறிப்பிட்ட எல்லையைக் கடந்தால் புள்ளிக் குறைப்பும் உண்டு. ஐரோப்பியத் தொடர்களில் ஆடும் அணிகளுக்கு யூஃபாவின் 70 சதவீத வரம்பும் சேர்ந்து பொருந்தும்.

கால்பந்து வருவாய் மட்டுமே கணக்கில் வருவதால், ஹோட்டல் விற்றுக் கணக்கைச் சரிசெய்யும் வழி இனி உதவாது. வீரர் விற்பனையின் லாபம் வருவாயுடன் சேர்க்கப்படுவதால், அகாதெமி வீரரை விற்கும் தூண்டுதல் நீடிக்கிறது. பெரிய, சிறிய கிளப்புகளுக்கு இடையிலான தூரத்தைக் கட்டுப்படுத்தியிருக்கக்கூடிய மற்றொரு யோசனையும் அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. கடைசி இடம் பெறும் கிளப்புக்குக் கிடைக்கும் தொகையின் குறிப்பிட்ட மடங்குக்கு மேல் எவரும் செலவிடக் கூடாது என்ற அந்த முன்மொழிவை வீரர்கள் சங்கம் முன்பே எதிர்த்திருந்தது. அது 7 வாக்குகளை மட்டுமே பெற்றுத் தோற்றது.