சப்பிரகமுவத் தோட்டங்களில் எழுத்தறிவின் வரலாறு

எழுத்தறிவின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் பாடசாலைகளின் தொகையையும் மாணவரின் தொகையையும் கணக்கிட்டு அமைவர். இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களைப் பொறுத்தவரை அக்கணக்கு மட்டும் போதாது. அங்கே எழுத்து என்பது பிள்ளைகள் கற்கும் பாடமாக வருவதற்கு முன்னரே, பெரியோரின் வாழ்வை ஆளும் ஒரு தாளாக வந்து சேர்ந்தது. அத்தாளை வாசிக்கத் தெரிந்தவன் ஆண்டான், தெரியாதவன் ஆளப்பட்டான். இவ்வுண்மையை மனத்திற் கொண்டே இவ்வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

சப்பிரகமுவ, இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. பலாங்கொடை, இறக்குவானை ஆகிய உயர்ந்த பகுதிகளிலே தேயிலையும், எட்டியாந்தோட்டை, தெகியோவிற்றை முதலிய தாழ்ந்த பகுதிகளிலே இறப்பரும் செழித்தன. நுவரெலியாவில் ஒரு தோட்டத்தின் எல்லையிலே மற்றொரு தோட்டம் தொடங்கும். இங்கோ நிலை வேறு. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆதலின் ஒவ்வொரு தோட்டத்திலும் தமிழ்ப் பிள்ளைகளின் தொகை சிறிது. அடுத்த தமிழ்ப் பாடசாலையோ தூரம். கல்வித்துறையில் இம்மாகாணத்துத் தோட்ட மக்கள் பின்தங்கியமைக்கு இவ்விட அமைப்பும் ஒரு காரணமாயிற்று.

திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த தொழிலாளர், வழிச்செலவுக்கும் முற்பணத்துக்கும் கடனாளிகளாகவே தோட்டத்தில் அடியெடுத்து வைத்தனர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என எழுதிய சீட்டொன்று வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். துண்டிலே எழுதிய தொகை சரியா, பிழையா என்பதை அறிய அதனைச் சுமந்தவருக்கு வழியில்லை. எழுதியவர் ஒருவர், வாசித்தவர் ஒருவர், கடனை உழைத்துத் தீர்த்தவர் மற்றொருவர். இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்தாலும் தாளின் ஆட்சி ஒழியவில்லை. தோட்டத்திலே ஒரு நாள் வேலையைக் குறிக்க வழங்குஞ் சொல் 'பேர்' என்பதாகும். குறித்த அளவு கொழுந்து பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது என்பதையே வாசிக்க இயலாதவர்கள், அப்பெயரைக் கொண்டே கூலி பெற்று வாழ்ந்தனர். இதனினும் பெரிய முரண் யாது?

பாடசாலை வந்த கதையைச் சிறிது காண்போம். தோட்டத் தமிழரிடையே பணியாற்றும் கிறித்தவ மிசன் ஒன்று 1854இல் துரைமாரின் ஆதரவோடு தோன்றியது. 1907ஆம் ஆண்டுச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தல் தோட்டத் துரையின் கடமை என விதித்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அக்கடமையை மேலும் வலியுறுத்தியது. சட்டம் நன்றே. ஆயினும் பிள்ளையின் உழைப்பு தோட்டத்திற்கும் தேவையாயிற்று. அவ்வுழைப்பால் வருஞ் சில சதங்கள் வீட்டிற்கும் தேவையாயின. மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டிலே நின்றாள். லயத்தின் அருகே ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு என்பதே பல தோட்டங்களின் நிலையாயிற்று. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்தன. அவற்றை அரசாங்கம் பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையான பின்னரேயாம்.

இவ்வளவு கூறியதனால், அம்மக்கள் அறிவும் கலையும் அற்றவராய் இருந்தனர் எனக் கொள்ளுதல் தவறாகும். மாசி மாதத்திலே காமன் கூத்து நிகழும் தோட்டத்தைக் கண்டவர் அவ்வாறு கூறார். இரதியும் மன்மதனும் வேடந் தாங்கி வர, தப்பு முழங்க, இரவெல்லாம் பாட்டும் வாதமும் நடைபெறும். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்பனவும் இவ்வாறே ஆடப்பட்டன. கையெழுத்திட அறியாதவர் நூற்றுக்கணக்கான அடிகளை மனனஞ் செய்து, அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தனர். எழுத்தறியாமை வேறு, அறியாமை வேறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்த வாய்மொழிச் செல்வத்தையும் அச்செழுத்தையும் இணைத்துப் பார்த்தவர் கோ. நடேசய்யர். 1920களிலே பத்திரிகைகளை நடத்தியும், 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியும் உழைத்த அவர், வாசிக்கத் தெரியாதவரிடம் பத்திரிகை மட்டும் சென்றாற் பயனில்லை என்பதை உணர்ந்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளிலே பாடல்களை இயற்றித் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். அப்பாடல்கள் 1940இல் நூலாகவும் வெளிவந்தன. செய்தி செவி வழியே சென்றது. எழுத்து அதன் பின்னே சென்றது. பின்னாளிலே சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கினார். வீரகேசரி நடத்திய சிறுகதைப் போட்டிகளிலே பரிசு பெற்ற மலைநாட்டுக் கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என வெளிவந்தன. பாடப்பட்டவர்கள் தாமே எழுதுவோராக மாறிய காலம் அது.

எழுத்தறியாமையின் விலையை நாடு முழுவதுங் காணும்படி காட்டியது பிரசாவுரிமைப் பிரச்சினையாகும். கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்திலே 1946ஆம் ஆண்டு நூற்றுக்கணக்கான தொழிலாளர் வெளியேறுமாறு அறிவித்தல் பெற்றனர். அது பெரும் போராட்டமாக மூண்டது. இரண்டு ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பிக்க 1951 ஆகத்து வரை, இரண்டு ஆண்டுத் தவணையே கிடைத்தது. மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமையை ஆவணங் காட்டி நிறுவல் வேண்டும். லயத்துக் காம்பிராவிலே பிறந்து, பிறப்பைப் பதியாது விட்ட குடும்பங்கள் எந்த ஆவணத்தைக் காட்டும்? சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காகச் சமர்ப்பிக்கப்பட்டன. அவர்களுட் பிரசாவுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. 1964இலும் 1974இலும் இரு நாட்டு அரசுகளும் செய்த உடன்படிக்கைகளால் இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். எஞ்சியோரின் நாடற்ற நிலை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது.

சப்பிரகமுவ மக்களுக்கு மற்றொரு துயரமும் நேர்ந்தது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின்போது, சிதறிய தோட்டங்களில் வாழ்ந்த இவர்கள் எளிதில் இலக்காயினர். 1981 ஆகத்திலே இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் பல தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று குடியேறின. ஊர் கலைந்தபோது கூத்தும் கலைந்தது, வகுப்பும் மெலிந்தது.

பின்னர் நிலை திருந்தத் தொடங்கியது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு உதவியுடன் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. ஆயினும் பாடசாலையைத் தவறவிட்ட பெரியோருக்கு யார் கற்பிப்பது? இதற்குக் கடலுக்கு அப்பாலுள்ள புதுக்கோட்டையே விடை காட்டியது. இத்தோட்ட மக்கள் பலரின் முன்னோர் பிறந்த அம்மண்ணிலே 1991இல் அறிவொளி இயக்கம் பரவியபோது, எழுத்தோடு பாட்டும் வீதி நாடகமும் சென்றன. பெண்கள் எழுதக் கற்றதோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கல்வியைக் கருணையாக வழங்காமல், மக்களின் சொந்த ஆற்றலை எழுப்பியமையே அதன் வெற்றி.

அவ்வழி சப்பிரகமுவத்திற்கும் பொருந்தும். ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும் முதிய தொழிலாளியின் பெயர், தோட்டப் பதிவில் ஒருவகையாகவும் அடையாள அட்டையில் வேறொரு வகையாகவும் இருந்தால், ஆயுள் முழுதும் உழைத்த பணம் தடைப்பட்டு நிற்கும். அவருக்கு முதலிற் கற்பிக்க வேண்டிய பாடம் அவர் பெயரே. அடுத்த பாடம், அவர் மனத்திலே ஏற்கெனவே இருக்கும் காமன் கூத்துப் பாட்டாகலாம். அறிந்ததை எழுத்திலே காணும்போது எழுத்து அந்நியமாகத் தோன்றாது. மாலையில் ஒரு தோட்டத்து வாசிகசாலையிலே பாட்டியார் பாட, பேத்தி எழுதி, இருவருஞ் சேர்ந்து வாசிப்பார்களாயின், துண்டு தொடங்கி வைத்த நெடிய கணக்கு அங்கே நேராகத் தொடங்கும். எழுதியவரும் வாசித்தவரும் உழைத்தவரும் அன்று ஒருவரே ஆவர்.