கள்ளிப்பழமும் அடங்கலும்

எங்கள் நிலத்தில் நாங்கள் வைத்த பழம் எதுவும் நிலைத்ததில்லை. தானாகக் கிடைத்த பழத்துக்கு நாங்கள் மரியாதை தந்ததில்லை. கரிசலின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவன் இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவதைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

சாத்தூருக்குக் கிழக்கே எங்களுக்கு நாலு ஏக்கர். அப்பா அதில் ஒன்றரை ஏக்கருக்கு மாதுளை வைத்தார். கடன் வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்தினார். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. கிணற்றில் தண்ணீர் போய்ச் சேறு தெரிந்தது. பிறகு சேறும் வெடித்தது. மாதுளை பிஞ்சிலேயே கருகியது. அந்தக் கோடையில் ஒருநாள் அப்பா பொழியோரத்துச் சப்பாத்திக்கள்ளியில் பழம் பறித்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குத்தான் கெணறு வெட்டுனதா?” என்றாள். அப்பா பதில் சொல்லவில்லை. பழத்தைக் கல்லில் தேய்த்து முள் போக்கி, பிளந்து, நடுவிலிருந்த நட்சத்திர முள்ளை எடுத்தெறிந்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு வங்கியில் வேலை கிடைத்திருந்த சமயம். வாய் சிவந்துவிடுமே என்று ஒரு நிமிஷம் தயங்கினேன்.

அப்பா இன்றைக்கும் மாதுளைக் கதையைச் சொல்வார். தோற்ற கதைதான், ஆனால் அதில் கடன் உண்டு, முயற்சி உண்டு, நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் கௌரவம் உண்டு. கள்ளிப்பழத்தை அவர் சொல்வதில்லை.

என் மேஜைக்கு வரும் விவசாயக் கடன் விண்ணப்பங்களில் பயிர், பரப்பு, எதிர்பார்க்கும் மகசூல் என்று கட்டங்கள் இருக்கின்றன. கிராமத்து அடங்கலும் ஏறத்தாழ இதே மாதிரிதான். விளைந்ததற்குக் கட்டம் உண்டு, கிடைத்ததற்குக் கிடையாது. இலந்தை, காரை, சூரை, கோவை, ஓடைக்கரை நாவல், விடியலில் விழுந்து கிடக்கும் பனம்பழம் எதுவும் அதில் ஏறாது. சரித்திரம் எழுதுகிறவர் புரட்டுவதும் இந்தக் காகிதங்களைத்தான். ஆகவே மழை பொய்த்த வருஷங்களில் இங்கே ஒன்றுமே இல்லை என்று எழுதிவிடுகிறார். ஒன்றுமே இல்லாமல் ஜனங்கள் எப்படி உயிரோடிருந்தார்கள் என்ற கேள்வி எழுவதில்லை.

கள்ளிப்பழத்துக்குத்தான் ஆவணமில்லை. கள்ளிக்கு நிறைய உண்டு. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. அதன் மேல் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் வெகுகாலம் ஸ்பெயினின் ஏகபோகமாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதில் ஆசை வந்தது. 1780களில் சென்னையிலிருந்த கம்பெனி வைத்தியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகக் கள்ளி வளர்ப்பதில் முனைந்தார். 1795இல் காப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது வேறு இனம், சாயம் மட்டம். வியாபாரம் படுத்துவிட்டது, கள்ளியினங்கள் தங்கிவிட்டன. 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில், கம்பும் சோளமும் இல்லாதபோது, ஜனங்கள் கள்ளிப்பழத்தைத் தின்றார்கள். சாயத்துக்கென்று விரும்பிய செடி வயிற்றுக்கு ஆயிற்று. கம்பெனியின் கணக்கில் இது வரவாகவும் இல்லை, செலவாகவும் இல்லை.

1926இல் சிலோனிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் தென்னிந்தியக் கள்ளிக்காடுகளில் பெரும்பகுதி அழிந்தது. பூச்சியியல் புத்தகங்கள் இதை ஒரு வெற்றியாகச் சொல்கின்றன. வெற்றிதான். கள்ளி உழவு நிலத்தையும் மேய்ச்சலையும் விழுங்கியது. அதனடியில் பாம்பு குடியிருந்தது. அதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. மீட்ட நிலத்தை அளந்தவர்கள் போன பழத்தை அளக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். பொழிகளில் எஞ்சிய புதர்களில் ஒன்றுதான் எங்களுடையது.

இதே காலத்தில் பக்கத்தில் வேறொன்று நடந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். 1923இல் சிவகாசியில் தொழில் தொடங்கியது. பின்னால் பட்டாசும் அச்சுத்தொழிலும் வந்தன. எங்கள் மாதுளையைக் கொன்ற அதே வறண்ட காற்றுதான் குச்சியையும் மருந்தையும் காய வைக்கிறது. வானம் பொய்ப்பதும் ஒரு மூலதனம் என்பதை அந்த ஊர் கண்டுகொண்டது. மழையில்லாத வருஷத்தில் கரிசல் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் அங்கே போனார்கள். என் அத்தை ஒன்பது வயதில் கட்டை அடுக்கப் போனவள். இலந்தை பொறுக்கிய விரல் தீக்குச்சியை எடுத்துச் சட்டத்தில் வைக்கப் பழகியது. ஒரு கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அதற்குக் கணக்கு உண்டு, நோட்டு உண்டு. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996இல் சிவகாசித் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அத்தையின் குழந்தைப்பருவத்தில் முதன்முதலாக ஆவணமானது அவள் உழைப்புதான். அதற்கு முன் அவள் ஓடைக்கரையில் கண்டெடுத்துத் தின்றது எங்கேயும் பதிவாகவில்லை.

கி. ராஜநாராயணன் (1923-2021) கரிசலுக்கு இலக்கியத்தில் ஒரு விலாசம் வாங்கித் தந்தார். பின்னால் வந்தவர்களில் சிலர் அதை ‘வறட்சி’ என்ற ஒற்றைப் படிமமாகச் சுருக்கிவிட்டார்கள். சிலர் இலந்தைப்பழத்தைப் பால்ய நினைவின் தித்திப்பாக்கி விற்கிறார்கள். இரண்டுமே சௌகரியமான பார்வைகள். கண்டெடுத்த பழத்தில் தித்திப்பு மட்டுமல்ல, வெட்கமும் இருந்தது. வேறு வழியில்லாமல் தின்றதைப் பிள்ளைகளிடம் சொல்ல நம் பெரியவர்கள் கூசினார்கள். அடங்கலில் விடுபட்டதற்குக் கட்டம் இல்லாதது காரணம். குடும்பத்தின் வாய்மொழியில் விடுபட்டதற்கு இந்தக் கூச்சம் காரணம். இரண்டாவது விடுபடலை எழுதுகிறவன்தான் நிரப்ப முடியும். அதற்கு முதலில் அவன் வாய் சிவப்பதற்குக் கூசாமல் இருக்க வேண்டும்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். வற்றிய கிணற்றின் மண்மேட்டில் ஒரு சீத்தாச் செடி இடுப்புயரம் வளர்ந்திருந்தது. சீத்தாவும் கள்ளியைப் போல அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்; ஒன்றைப் பழமரம் என்று அழைத்தோம், மற்றதைக் களை என்று வெட்டினோம்.

“நீங்க வச்சதாப்பா?” என்று கேட்டேன்.

“யாரு வச்சா? எவனோ தின்னுட்டுத் துப்புனது” என்றார். கொஞ்சம் நடந்த பிறகு, “இதையே வரிசையா ஒரு அம்பது வச்சா ஒங்க பாங்குல கடன் குடுப்பாங்களா?” என்றார்.

வரிசையாக வைத்தால் கொடுப்பார்கள் என்று சொன்னேன்.