கத்தரிக்கோல் காலத்துப் பாட்டு

தொடர் – 17

1972-ல் சிங்கப்பூர்த் தபால் நிலையம் ஒன்றில் ஸ்டாம்ப் வாங்க வரிசையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆண், வயது இருபது, தலைமுடி கொஞ்சம் தாராளம். எதிரே சுவரொட்டி. ‘நீள முடி’ என்றால் என்ன என்று அதில் படம் போட்டு இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால் நீளம். காதை மறைத்தால் நீளம். சாதாரணச் சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளம். மூன்றில் ஒன்றில் மாட்டினாலும் போதும், உங்களை எல்லோருக்கும் கடைசியில்தான் கவனிப்பார்கள். உங்களுக்குப் பின்னால் வந்த பாட்டி ஸ்டாம்பை ஒட்டி, கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கே போய்விடுவார். இவ்வளவு கறாரான வரையறையை நன்னூலாரும் எழுதியதில்லை. பழனிக்கு நேர்ந்துகொண்டு முடி வளர்க்கும் நம் வழக்கத்துக்கு அந்தப் படத்தில் இடமில்லை.

பாட்டைப் பற்றிய தொடரில் முடிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த ஆண்டுகளில் சிங்கப்பூரில் இரண்டையும் பிரிக்க முடியாது. நீள முடி என்றால் ஹிப்பி, ஹிப்பி என்றால் கஞ்சா, கஞ்சா வரும் வழி கிடார். அரசாங்கம் போட்ட கணக்கு இதுதான். அந்தக் கணக்கில் பீட்டில்ஸின் சில பாட்டுகளும் போதைப் பாட்டுகள் என்று தடைப்பட்டியலில் ஏறின.

இந்தக் கண்டிப்பு திடீரென்று முளைத்ததல்ல. 1959-ல் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்த சூட்டோடு செய்த காரியங்களில் ஒன்று ‘மஞ்சள் கலாசார’ ஒழிப்பு. சீனத்தில் ஆபாசத்துக்கு நிறம் மஞ்சள். மஞ்சள் பத்திரிகையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ்கூட அப்போது தப்பவில்லை. ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுக்க வேண்டுமே. கலாசார அமைச்சராக இருந்தவர் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்னம். அவருடைய அமைச்சு அதே ஆண்டு ஆகஸ்டில் ‘அனேகா ராகம் ரக்யாட்’ என்ற மக்கள் கலை நிகழ்ச்சிகளைப் பூமலை என்கிற தாவரவியல் பூங்காவின் திறந்தவெளியில் தொடங்கியது. மலாய், சீன, இந்திய, மேற்கத்தியக் கலைகள் ஒரே மேடையில், ஒன்றன்பின் ஒன்றாக. நல்ல எண்ணம்தான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு முறை, ஒரு உடை, ஒரு ஆட்டம். மேடையில் யாரும் யாரோடும் கலக்கவில்லை. கலப்பு நடந்தது வேறிடங்களில்.

கிடார் எப்படி வந்தது? 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்ட் ‘ஷேடோஸ்’ குழுவோடு ஹேப்பி வேர்ல்டு அரங்கில் பாடினார். அதைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள் தெருவுக்குத் தெரு குழு கட்டினார்கள் என்று அன்றைய இசைக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 1965 பிப்ரவரியில் கிலமார்ட் ரோடு பேட்மிண்டன் அரங்கில் ரோலிங் ஸ்டோன்ஸ். ‘குவெஸ்ட்ஸ்’, ‘நவோமி அண்ட் த பாய்ஸ்’ என்று உள்ளூர்க் குழுக்களின் இசைத்தட்டுகள் விற்றுத் தீர்ந்த காலம் அது. இந்தக் குழுக்களுக்குச் சோறு போட்டதில் பிரிட்டிஷ் படைத்தளங்களின் கிளப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சனிக்கிழமை சிப்பாய்களுக்கு ஆட வேண்டும், ஆட்டத்துக்குப் பாட்டு வேண்டும்.

அந்த அடுப்பு அணைந்தது. 1967-ல் கட்டாய தேசிய சேவை வந்தது. கிடார்க்காரப் பையனின் தலையை முதலில் மழித்தது பட்டாளத்து நாவிதர்தான். சுவரொட்டியெல்லாம் அதற்குப் பிறகு. 1968 ஜனவரியில் பிரிட்டன், படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 1971 அக்டோபர் கடைசியில் கூட்டுத் தளபதியகம் கலைந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தலைமுறையாக வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் வேலையைத் தொலைத்தார்கள். கிளப் மேடைகளும் காலியாயின.

அடுத்த பிப்ரவரியில்தான் லெட் செப்பலின் என்ற ராக் குழு வந்தது. பாய லேபார் விமான நிலையத்தில் விமானம் இறங்கியது, குழு இறங்கவில்லை. இறங்க விடவில்லை. காரணம் முடி. பாட வேண்டிய நாள் பிப்ரவரி 14. பதினாறாம் தேதி அவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாடிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு கிளிஃப் ரிச்சர்டின் நிகழ்ச்சியும் முடியினாலேயே நின்றது. பதினோரு ஆண்டுக்கு முன்னால் இந்த ஊருக்குக் கிடார் ஆசையை ஊட்டிய அதே கிளிஃப் ரிச்சர்ட்! ரசிகர்கள் கையெழுத்து வாங்க நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருப்பார்கள், அதிகாரிகள் அடிக்கோலோடு நின்றார்கள்.

எழுபதுகளின் சிங்கப்பூர் இசையைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் இந்த விமானக் கதையோடு முடிந்துவிடும். சொல்லச் சுவையான கதை, யாருக்கும் வலிக்காது. எனக்கு அடுத்த ஆண்டு நடந்ததுதான் முக்கியம். அது கிடார் பற்றியதல்ல, மேளம் பற்றியது.

லிட்டில் இந்தியா என்ற பெயர் சுற்றுலாக்காரர்களுக்காகப் பின்னாளில் வந்தது. அன்றைக்கு அது தேக்கா, அல்லது சிராங்கூன் ரோடு. அங்கிருக்கும் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தைப்பூசத்தன்று காவடிகள் கிளம்பும். சுமார் நான்கு கிலோமீட்டர் நடந்து டேங் ரோடு தெண்டாயுதபாணி கோயிலைச் சேரும். ஊரார் வாயில் அது ‘செட்டியார் கோயில்’, நகரத்தார் 1859-ல் கட்டியது. காவடிக்காரர் தனியாக வரமாட்டார். அலகு குத்தியவருக்கு வலி மறக்க வேண்டும், கால் நடக்க வேண்டும். அதற்கு அடி வேண்டும், பாட்டு வேண்டும். அண்ணன், மச்சான், கம்பத்துக் (கம்பம் என்றால் அங்கே கிராமம்) கூட்டாளிகள் என்று ஒரு படையே சூழ்ந்து வரும். அவர்கள் பாடியதெல்லாம் அருணகிரிநாதர் என்று நினைத்துவிடாதீர்கள். சௌந்தரராஜன் குரலில் கேட்ட முருகன் பாட்டு வரும், அது தீர்ந்தால் சினிமா மெட்டில் யாரோ கட்டிய பாட்டு வரும். சிங்கப்பூர்த் தமிழனின் பாப் இசை எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். டிக்கெட் இல்லை, மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பாடுகிறவன் பகலில் துறைமுகத்திலோ நகராட்சியிலோ வேலை பார்க்கிறவன்.

1968-லேயே தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து கழன்றுவிட்டது. விடுமுறைகளைக் குறைத்தபோது இந்துக்களுக்கு மிஞ்சியது தீபாவளி. 1973-ல் ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை வந்தது. போட்டிக் குழுக்கள் வழியில் மோதிக்கொள்கின்றன, ஊர்வலம் குலைகிறது என்பது அரசு சொன்ன காரணம். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். மேளத்துக்கு மேளம் போட்டி, போட்டிக்குப் பின்னால் பேட்டை ரோஷம், இதெல்லாம் நம் ஊர்த் திருவிழாவிலும் பார்த்ததுதானே. 1964 ஜூலையில் நபிகள் பிறந்தநாள் ஊர்வலம் இனக்கலவரமாக வெடித்ததைக் கண்ட அரசுக்கு, தெருவில் கூட்டமும் சத்தமும் சேர்ந்தாலே வயிற்றைக் கலக்கியது. ஆனால் நோய்க்கும் மருந்துக்கும் உள்ள அளவைப் பாருங்கள். வெளிநாட்டுக் குழுவுக்குக் கதவைச் சாத்தியது சில ஆண்டுகளில் வேடிக்கைக் கதையாகிவிட்டது. காவடி மேளத்துக்கு விழுந்த பூட்டு நாற்பது ஆண்டுக்கு மேல் தொங்கியது. அந்த நாற்பது ஆண்டும் காவடிக்காரரை நடக்க வைத்தது கைத்தட்டலும் தொண்டையும்தான்.

செட்டியார் கோயிலை அடுத்து, ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவில்தான் நேஷனல் தியேட்டர் நின்றது. 1963 ஆகஸ்டில் திறந்தது. ‘செங்கல்லுக்கு ஒரு வெள்ளி’ என்று பொதுமக்களிடம் பணம் திரட்டிக் கட்டியது. (அங்கே டாலருக்கு நம்மவர் சொல்லும் பெயர் வெள்ளி, சென்ட்டுக்குக் காசு.) முகப்பில் கொடியின் ஐந்து நட்சத்திரங்களை நினைவூட்டும் ஐந்து கூர்முகங்கள், முன்னே பிறை வடிவ நீரூற்று, 3,420 இருக்கைகள். தூண் மறைக்காத பெரிய கூரை உண்டு, பக்கச்சுவர் கிடையாது. கூரைக்குக் கீழே பாடினால் குன்றின் மேட்டில் நிற்பவனுக்கும் கேட்கும். தேசத்தின் அரங்குக்குச் சுவர் வைக்காத அதே அரசு, அதன் பக்கத்துத் தெருவுக்கு வரும் மேளத்தை நிறுத்தியது.

கலப்பு நடந்தது வேறிடங்களில் என்றேனே, அதற்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பம்பாய்ப் பக்கத்துப் பார்சி நாடகக் கம்பெனிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. ஹார்மோனியமும் தபேலாவும் பாட்டுமாக அவர்கள் ஆடியதைப் பார்த்துத்தான் மலாய் ‘பங்சாவான்’ பிறந்தது. நம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பங்சாவான் பிறகு சினிமாவுக்குள் போனது. பாலஸ்டியர் பக்கத்து ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்களை இயக்கியவர்கள் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எஸ். ராமநாதன், பி.என். ராவ், எல். கிருஷ்ணன் என்று வரிசையாக இந்தியர்கள். மலாய்ப் பட நட்சத்திரமான பி. ராம்லியை 1948-ல் பின்னணிப் பாடகராகக் கொண்டுவந்தவர் ராஜ்ஹன்ஸ். 1950-ல் ‘பக்தி’ படத்தில் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த கிருஷ்ணன். ‘பக்தி’ என்ற சொல்லே நம்மிடமிருந்து போனதுதான். ஸ்டூடியோ 1967-ல் மூடியது. ராம்லி 1973 மே 29-ல் கோலாலம்பூரில் இறந்தார், வயது 44. சிராங்கூன் ரோட்டில் மேளம் நின்ற அதே ஆண்டு.

மேடையில் இந்தக் கலப்பைத் தெரிந்தே செய்தவர் சாந்தா பாஸ்கர். 1952-ல் கே.பி. பாஸ்கர் தொடங்கிய நடனப் பள்ளிக்காக 1958-லேயே ஒரு சீனக் காதல் கதையை, பட்டாம்பூச்சிக் காதலர்களை, பரதத்தில் ஆடவைத்தவர். அரசு கேட்டது வரிசையாக நான்கு இனம், இவர் கொடுத்தது ஒரே அரங்கேற்றத்தில் இரண்டு.

தமிழ் நாடகத்தில் பாட்டு அதற்குள் மெலிந்துவிட்டது. சமூக நாடகம் வந்த பிறகு கதாநாயகன் அழும்போது பாடுவதை நிறுத்திவிட்டான். மக்கள் நாடகம் கேட்டது வானொலியில். 1969–70-ல் புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் எழுதிய ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ வாராவாரம் வந்தது. 1970-ல் மக்கள்தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீடமைப்புக் கழக அடுக்குமாடிக்குக் குடிபோயிருந்தது. கம்பத்து வாசலை விட்டு லிஃப்ட் வாசலுக்கு வந்த குடும்பம், அண்ணாசாமி குடும்பத்தின் கூத்தைக் கேட்டுத் தன்னைத்தானே பார்த்துச் சிரித்தது. மெக்பெத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இதே கிருஷ்ணன்தான் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். சிரிக்க வைப்பவரை லேசாக எடைபோடும் பழக்கம் நமக்கு உண்டு.

அதே வானொலி நிலையம் 1974-ல் ஒரு பாட்டை ஒதுக்கியது. டிக் லீ என்ற பதினேழு பதினெட்டு வயதுப் பையன் ‘லைஃப் ஸ்டோரி’ என்று முதல் ஆல்பம் போட்டான். அதில் ‘ஃப்ரைடு ரைஸ் பேரடைஸ்’ என்று ஒரு பாட்டு, வறுத்த சோறு விற்கும் கடையைப் பற்றியது. அதன் குற்றம், உள்ளூர்க்காரர்கள் பேசும் ஆங்கிலத்தில் இருந்தது. முடி சரி, போதை இல்லை, மொழிதான் சீவப்படவில்லை. அந்தப் பாட்டு 1991-ல் முழு இசை நாடகமாகவே மேடையேறியது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, பழைய கேபரே உலகத்தை வைத்து வந்த ‘பியூட்டி வேர்ல்டு’ நாடகத்துக்கும் இசை அவர்தான்.

தமிழனுக்கு வேறு வழி கிடைத்தது. கேசட். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சி-60 இருக்கிறது. எழுபதுகளில் தேக்காவில் பதிந்தது. சோப்புப் பெட்டி மாதிரி மங்கிய பிளாஸ்டிக் உறை, உள்ளே மடித்த அட்டையில் நீலப் பேனாவால் நுணுக்கி எழுதிய பட்டியல். பாட்டின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து இறக்கித் தருவார். பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறு ஏழு பாட்டு. கடைசிப் பாட்டுக்கு எப்போதும் இடம் போதாது. எங்கள் கேசட்டில் இரண்டாவது சரணத்தில் ‘டக்’கென்று நின்றுவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டை வேறெங்காவது முழுதாகக் கேட்டால் எனக்குத் தவறாகப் படுகிறது. இதெல்லாம் உரிமம் வாங்கிய பதிவு என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். சிங்கப்பூர் அன்று திருட்டுக் கேசட்டுக்குப் பேர்போன ஊர், கிடுக்கிப்பிடி போட்ட காப்புரிமைச் சட்டம் 1987-ல்தான் வந்தது. முடியை அளந்தவர்கள் நாடாவை அளக்க மறந்தார்கள். நமக்கு லாபம். நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன்னோடு சேர்ந்து அந்தக் கேசட்டுகள் சூட்கேஸ் சூட்கேஸாகத் தஞ்சாவூருக்கும் ராமநாதபுரத்துக்கும் போயின.

ஊரும் படத்துக்குள் வந்தது. எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ சிங்கப்பூரிலும் படமாகி 1973 மே மாதம் வெளிவந்தது. ஆறு ஆண்டு கழித்து கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’. எம்.எஸ். விஸ்வநாதன் இசை, கண்ணதாசன் பாட்டு, சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகும் ஒரு இளைஞர் குழுவின் கதை. அந்தப் படத்தை மறுபடி பார்க்க வாய்த்தால், பாட்டுக் காட்சிகளில் கமலின் காதைத் தேடிப் பாருங்கள். தபால் நிலைய வரிசையில் அவரைக் கடைசியில்தான் கவனித்திருப்பார்கள்.

தெண்டாயுதபாணி கோயிலைப் புதுப்பித்துக் கட்டி 1983-ல் குடமுழுக்கு நடந்தது. பக்கத்து நேஷனல் தியேட்டர் 1984 ஜனவரியில் மூடப்பட்டது. கூரையின் உறுதி சரியில்லை, விரைவுச்சாலைச் சுரங்கமும் அந்தப் பக்கம் வர வேண்டியிருந்தது. 1986-ல் இடித்தார்கள். தைப்பூசத்துக்கு 2016-ல் வழியில் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. 2019-ல் நிபந்தனைகளோடு தோல்வாத்தியங்கள் திரும்பின. 1973-ல் இருபது வயதில் காவடிக்கு மேளம் அடித்தவருக்கு அப்போது அறுபத்தாறு வயது.

(அடுத்த வாரம்: நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா)