எயிற்பட்டினத்து மணல்

ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, பரிசில் நாடும் பாணனை முதலிற் கடற்கரைக்கே ஆற்றுப்படுத்துகிறது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என அவன் வழி நீள்கிறது. அம்மன்னனுக்குரிய கிடங்கில் இன்று திண்டிவனம் நகருள் அடங்கிவிட்டது. எயிற்பட்டினம் மரக்காணமே என்றும், பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் சுட்டும் சோபட்மா துறையும் அதுவே என்றும் அறிஞர் பலர் கொள்வர். பாடிய நத்தத்தனாரும் அதற்கு வடக்கேயுள்ள இடைக்கழிநாட்டினரே; தாம் அறிந்த கரையையே பாடினார் போலும்.

பழந்துறை என்றதும் புதையலாசையும் உடன் எழுகிறது. மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காண் கருவி, இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி தேடப் பெரிதும் பயன்பட்டது. போருக்குப் பின் மேலைநாட்டுக் கடற்கரைகளில் காசும் மோதிரமும் தேடும் பொழுதுபோக்காயிற்று. கம்பிச்சுருளின் காந்தப்புலம், புதைந்த உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும்; அதனைக் கருவி ஒலியாக்கும். உப்புநீர் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்துமாதலின், மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் பொய்யொலிக்குக் குறைவிராது.

அதனினும் பெரிய குறை, கருவி மண்ணோட்டுக்குச் செவிடு என்பதே. புதுவைக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, காலத்தை நிறுவ உதவியது பொன்னன்று. இத்தாலி நாட்டு அரிட்டைன் செங்கலங்களின் உடைசல். அவ்வுடைசல் கிடந்த மண்ணடுக்கைக் கொண்டே உள்ளூர்ப் பானைகளுக்கும் வயது கணிக்கப்பட்டது.

உலோகம் பேசாது என்பதன்று. திருக்கோவலூரையடுத்த தென்பெண்ணை ஆற்றுமணலிற் கிடைத்த செப்புக்காசுகளில் குதிரையுருவமும் ‘மலையமான்’ என்னும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள. நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். காரியைப் பாடிய கபிலரை அறிந்தோர்க்கு அஃது எத்துணை மகிழ்ச்சி! ஆயினும் எந்த மலையமான் என்று காசு கூறவில்லை. வெள்ளம் உருட்டிய காசுக்கு மண்ணடுக்கு ஏது?

பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம். பொருளின் மதிப்போடு, கிடைத்த இடத்தையும் நாளையும் அது கேட்கிறது. வெள்ளையர் சட்டமெனினும் கேட்கவேண்டியதைக் கேட்டது. வணிகர் கைக்கு இரவோடிரவாகச் செல்லும் காசோ விலையை மட்டுமே சுமந்து செல்கிறது.

எயிற்பட்டினத்தை மரக்காணத்தில் ஐயமற நிறுவ, எழுத்துப் பொறித்த ஓடொன்று தான் கிடந்த அடுக்கிலேயே அகழ்வோர் கையில் அகப்பட்டாலும் போதும். காசின் ஒலி கேட்டு அவசரத்தில் தோண்டும் குழி முதலிற் புரட்டிப்போடுவது அவ்வோட்டைத்தான்.